சிபி மாஸ்டரின் வளைகாப்பு

மடியைச் சிபியின் வயிற்றில் கட்டிவிட்டபோது நர்ஸ் ரோஸ்லின் இரண்டு கட்டளைகள் போட்டாள். குப்புறப் படுக்கக் கூடாது. விசில் ஊதக் கூடாது.

"விசில் ஊதாம நான் எப்படிங்க சிஸ்டர் பி.டி. மாஸ்டரா இருக்கறது?"

"கையைத் தட்டுங்க. உள்ள இருக்கற ஆளுக்கு இப்பத்தான் காது கேக்க ஆரம்பிச்சிருக்குது."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிந்துஜாவால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் தையல் இழுத்தது. முந்தின நாள்வரை அவள் வயிற்றுக்குள் இருந்த குழந்தை இப்போது அவள் கணவனின் வயிற்றின்மேல், ஒரு சின்னப் பலாப்பழம் அளவு பைக்குள் இருந்தது. புறக்கருப்பை என்பது மருத்துவமனைக் காகிதங்களில் அதன் பெயர். ஊர் அதற்கு மடி என்று பெயர் வைத்துவிட்டது. தோல் நிறம், தொட்டால் உடம்புச் சூடு, தோளில் மாட்ட இரண்டு வார், ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. காலையும் மாலையும் சத்து நீர்க் குப்பியை மாற்ற வேண்டும். மற்றபடி சுமப்பது ஒன்றுதான் வேலை.

ஆறாம் மாதத்தில் சிந்துஜாவின் ரத்த அழுத்தம் ஏறிய வேகத்தைப் பார்த்து, இரண்டு உயிரில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று பழைய காலத்து டாக்டர் சொல்லியிருப்பார். இந்தக் காலத்து டாக்டர், "மடிக்கு மாத்திடலாம். யார் சுமக்கறீங்க?" என்று கேட்டார். சிபி ஏதோ ரேஷன் கடை வரிசையில் நிற்பவனைப் போல, "நான்தாங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டான்.

"இதை இங்கயே ஒரு மிஷின்ல வச்சுப் பாத்துக்க முடியாதுங்களா?" என்று சிந்துஜா ரோஸ்லினிடம் கேட்டாள்.

"மொதல்ல அப்படித்தான் வச்சாங்க. உடம்பு நல்லாத்தான் வளந்துச்சு. ஆனா வெளிய வந்தப்பறம் யார் தூக்குனாலும் அழுகை நிக்கல. ஒரு ஆளு நடக்கணும், உக்காரணும், அந்த ஆளோட நெஞ்சு அடிக்கறது கேக்கணும். யாரோட நெஞ்சுச் சத்தத்துல தூங்கிப் பழகுதோ, பொறந்தவுடனே அவங்க பக்கம்தான் தலையத் திருப்பும்."

"அப்ப என் பக்கம்?"

"அதெல்லாம் அப்புறம் பழகிக்கும்மா."

அந்த 'அப்புறம்' சிந்துஜாவின் தொண்டையில் மீன் முள்ளைப்போல நின்றுவிட்டது.

ரோஸ்லின் அவள் இடது மணிக்கட்டில் ஒரு கைப்பட்டையைக் கட்டினாள். "இதைக் குழந்தை வர்ற வரைக்கும் கழட்டாதீங்க. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. சார்ஜும் கையில இருக்கறப்பவே போட்டுக்கலாம்." பிறகு சிபி அவளோடு வெளியே போய், வராந்தாவில் வெகுநேரம் பேசிவிட்டு வந்தான். என்ன என்று கேட்டதற்கு, வாரைக் கட்டும் முறையைக் கேட்டுக்கொண்டதாகச் சொன்னான்.

உடுமலைப்பேட்டையில் அவர்கள் தெருவில் மடி கட்டிய முதல் ஆண்பிள்ளை சிபிதான். முதல் வாரம் வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டாவது வாரத்திலிருந்து பாராட்ட ஆரம்பித்தார்கள். டவுன் பஸ்ஸில் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பெண்கள் பக்கத்து இருக்கையில் உட்காரலாமா கூடாதா என்று அவன் கூச்சத்தோடு நின்றபோது கண்டக்டரே தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உள்ளூர் சேனலிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். "இப்படியும் ஒரு மனுசன்" என்று மளிகைக் கடைக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிபி கூசி நின்றான். சிந்துஜா அவன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதே குழந்தையை அவள் சுமந்திருக்கிறாள். காற்றாலைக் கம்பெனியின் ஜீப்பை நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்திருக்கிறாள். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், தம்பியின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அதை யாரும் படம் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது. தோன்றுவது அற்பம் என்றும் கூடவே தோன்றுகிறது.

தாராபுரத்திலிருந்து மாமியார் கமலவேணி வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கு மகனைப் பார்த்துவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பொம்பள சொமக்கறத எம்பட பையன் சொமக்கறான். எங்க போயி மூஞ்சியக் காட்டறது?"

"அம்மா, நீங்க என்னைச் சுமந்தப்ப மூஞ்சியக் காட்டலையா?" என்றான் சிபி.

"அது வேற, இது வேற."

ஆனால் மூன்றாம் நாளே அது வேற இல்லை என்றாகிவிட்டது. மகன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்ததும் கமலவேணி நல்லெண்ணெயைச் சூடு பண்ணினார். கீரை கடைந்தார். "மாசமா இருக்கறவன் வெறும் வயித்துல காப்பி குடிக்கக் கூடாது" என்று டம்ளரைப் பிடுங்கினார். மாங்காய் வேணுமா, புளிச்சாதம் வேணுமா என்று விசாரித்தார். வேண்டாம் என்றால் வருத்தப்பட்டார்.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த சிந்துஜாவின் தலையைத் தடவி, மிகுந்த அன்போடு சொன்னார்: "பாவம் சாமி நீ. பெத்தும் பெறாதவளாட்ட ஆயிட்டே."

திட்டியிருந்தால் சிந்துஜா பதில் சொல்லியிருப்பாள்.

உடம்பு தேறி அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காற்றாலைகளில் கோளாறு பார்ப்பது அவள் வேலை. முதலில் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சரி என்றபின் கோபுரங்களில் ஏறத் தொடங்கினாள். ஏறுவதற்கு முன்னாலும் இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டாள். குப்பி மாற்றியாச்சா? வார் இறுக்கமா இருக்கா? வெயில்ல நிக்கிறீங்களா?

எல்லாம் ஆகியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சிபி சோம்பேறி அல்ல, சொன்னால் செய்வான். "சொன்னாச் செய்யப்போறேன்" என்பது அவன் அடிக்கடி சொல்லும் வாக்கியம். சொல்வது என்பதே ஒரு வேலை என்று அவனுக்குப் புரியவைக்க அவள் பதினோரு வருஷம் முயன்றிருக்கிறாள். கேஸ் தீரப்போவதும், மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டியதும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை என்பதும் அவள் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது அவன் சொல்லாமலே செய்தான். அலாரம் இல்லாமல் குப்பி மாற்ற எழுந்தான். சட்டைகளை ஒரு அளவு பெரிதாகத் தைத்துக்கொண்டான். விசிலைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, மைதானத்தில் கை தட்டிக் கை தட்டி உள்ளங்கை சிவந்து வந்தான். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியதை வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் தெரியவில்லை. அவன் சரியாகக் கட்டியிருந்த வாரை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

சாப்பிடும்போது அவன் அன்றைய சேதிகளைச் சொல்வான்.

"இன்னிக்குக் காலைல ஒரே ஆட்டம் சிந்து. நான் சும்மா ஸ்டாஃப் ரூம்ல பரிட்சைப் பேப்பரு அடுக்கிட்டு உக்காந்திருக்கேன், உள்ள கபடி ஆடுது. அரை மணி நேரம்."

அந்த அரை மணி நேரம் அவள் லிஃப்ட் பழுதான கோபுரத்தில் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். குழந்தை ஆடியதை அவன் வாயால் கேட்க வேண்டியிருந்ததைத் தவிர வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை.

"உங்க பிள்ளைதான. கபடி ஆடாம?" என்றாள்.

இன்னொரு நாள் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டான்: "இன்னிக்கு ஆபீஸ்ல யாருகூடச் சண்டை?"

"யாரு சொன்னா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

மேலாளரோடு சண்டைதான். ஆனால் அவள் ஹெல்மெட்கூட இன்னும் கழற்றவில்லை.

படுக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி: "கைப்பட்டைக்குச் சார்ஜ் போட்டியா?" பட்டை தன் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதற்கு என்றே அவள் நினைத்திருந்தாள்; அதன்மேல் இவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று ஒரு கணம் நெகிழ்வாள். உடனே அவன் மடியின்மேல் கை வைத்துக்கொண்டு தூங்கிப்போவதைப் பார்த்ததும் அந்த நெகிழ்ச்சி போய்விடும். அந்தப் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். உள்ளே ஒருத்தி, அல்லது ஒருத்தன், அவன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஒவ்வொரு நாளும் தன்னைக் கொஞ்சம் மறக்கிறாள்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். யாருக்கு வளையல் போடுவது என்பதில் உறவுக்காரப் பெண்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கமலவேணி தீர்ப்புச் சொன்னார்.

"வளையல் சத்தம் கேக்க வேண்டியது உள்ள இருக்கறது. அது எங்க இருக்குதோ அங்கதான் போடோணும்."

"எனக்காம்மா?" என்றான் சிபி.

"பெரிய சைசாப் பாத்து வாங்கியாந்திருக்கறேன். கைய நீட்டு."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிந்துஜாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தை எடுக்க உள்ளே போய், அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்தபோது சிபி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தான்.

"இவளும் உக்காரட்டும். அஞ்சு மாசத்துக்கு மேல இவதான சுமந்தா? அதுக்கு நீங்க யாரும் வளையல் போடல."

அவள் உட்கார்ந்தாள். சிபியின் பெரிய கைகளில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொன்றாக ஏறின. "கபடி புடிச்ச கை, எலும்பு எறங்க மாட்டீங்குது" என்று கமலவேணி அலுத்துக்கொண்டார். பிறகு சிந்துஜாவின் முறை. வலது கைக்குப் போட்டாகிவிட்டது. இடது கையில் அந்தக் கைப்பட்டை தடுத்தது.

"இதைச் சித்தெ கழட்டு கண்ணு."

"அம்மா, அதைக் கழட்டாதீங்க" என்றான் சிபி. கூட்டத்தின் பேச்சில் அது யாருக்கும் கேட்கவில்லை. கமலவேணி கொக்கியைத் தட்டினார். பட்டை கழன்று வந்தது.

மடியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாயிற்று. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ரயில் நிலையத்து அறிவிப்பைப் போல, தெளிவாகச் சொன்னது: "தாயின் நாடி கிடைக்கவில்லை. கைப்பட்டையைச் சரிபார்க்கவும்."

குரல் மறுபடியும் சொன்னது. சிபி சிந்துஜாவைப் பார்க்காமல், அம்மாவின் கையிலிருந்த பட்டையை வாங்கி அவள் மணிக்கட்டில் மறுபடி கட்டினான். வளையல் கைகளால் கொக்கியை மாட்டுவது அவனுக்குச் சிரமமாக இருந்தது. விளக்கு பச்சைக்குத் திரும்பியது.

"மிஷின் கோளாறு" என்றான் எல்லோரிடமும். "நீங்க சாப்பாட்டப் போடுங்க."

சிந்துஜா எழுந்து அறைக்குள் போனாள். அவனும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"சொல்லுங்க."

"ரெண்டு விதமா வைக்கலாம்னு சிஸ்டர் சொன்னாங்க. சுமக்கறவங்க நெஞ்சுச் சத்தம் கேக்கற மாதிரியும் வைக்கலாம். அதை அடைச்சுட்டு, பட்டை வழியா அம்மாவோட நாடியக் கேக்க வைக்கவும் செய்யலாம். நான் உன்னோடதை வைக்கச் சொன்னேன்."

"இத்தனை நாளுமா?"

"மொத நாள்ல இருந்து."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கோபுர ஏணியும் கபடியும், மேலாளரும் ஹெல்மெட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக வந்து பொருந்தின. தான் ஏறியபோதெல்லாம் அது ஆடியிருக்கிறது. தான் கோபப்பட்டபோதெல்லாம் விழித்திருக்கிறது. தன்னை மறக்கிறது என்று நினைத்து அவள் விழித்துக் கிடந்த நேரங்களிலும், அந்த விழிப்பையேதான் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தொண்டை முள் கரைந்தது. அழுகை வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியாச்சுன்னு சிஸ்டர்கிட்டப் பொய் சொன்னேன்." அவன் தரையைப் பார்த்தான். "உனக்குத் தெரிஞ்சா நீ மறுபடி சுமக்க ஆரம்பிச்சிருவே. மாடிப்படி ஏற யோசிப்பே. கோபம் வந்தா அடக்கிக்குவே. அந்த அஞ்சு மாசமும் நீ அப்படித்தான இருந்தே? தும்மறதுக்குக்கூடப் பயந்துட்டு. கொஞ்ச நாளைக்கு நீ நீயா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"நான் நானா இல்ல. அது என்னை மறந்துரும்னு செத்துட்டிருந்தேன்."

அவன் தலை நிமிர்ந்தது. இது அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவ்வளவு கவனமாக எல்லாவற்றையும் யோசித்தவனுக்கு, கேட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லைதான். பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியவள், இந்த ஒரு பயத்தை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"உங்களோடதை ஏன் வைக்கல?" என்று கேட்டாள்.

"என்னோடதா?" அவன் சிரித்தான். "நான் சும்மா தூக்கிட்டுப் போற ஆளுதான சிந்து. கொழந்தைக்கு அம்மா நெஞ்சுதான வேணும்? அது எனக்குள்ள உதைக்கறப்பல்லாம், உனக்கு வந்த பார்சல நான் வாங்கி வச்சிருக்கறாப்பலதான் இருக்கும். பத்திரமாக் கொண்டாந்து குடுத்துரணும்னு மட்டும் நெனச்சுக்குவேன்."

அவள் அவனைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்த கன்னம். முழங்கைவரை வளையல். நாளெல்லாம் தன் வயிற்றிலேயே இருக்கும் குழந்தைக்குத் தான் யாரென்று தெரியாமல், அதைப்பற்றி ஒரு குறையும் இல்லாமல் இந்த மனிதன் நடந்திருக்கிறான், குனிந்திருக்கிறான், மல்லாந்து படுத்திருக்கிறான். ஊர் பாராட்டியபோது ஏன் அப்படிக் கூசி நின்றான் என்பது இப்போது புரிந்தது. சுமை மட்டும்தான் தன்னுடையது, பிள்ளை தன்னுடையது இல்லை என்று நினைத்திருக்கிறான். அவள் பயந்ததும் அவன் ஒதுங்கியதும் தாய்தான் எல்லாம் என்ற ஒரே நினைப்பிலிருந்து வந்தவைதான்.

"எங்க இருக்குது அந்த ஸ்விட்ச்?"

"எதுக்கு?"

"எங்க இருக்குதுன்னு கேட்டேன்."

தோள்வாரின் அடியில் இருந்தது. அவள் விரல் வைத்ததும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வளையல்கள் குலுங்கின.

"வேண்டாம் சிந்து. பழகின சத்தம் நின்னுபோனா பயந்துக்கும். என்னோடது அதுக்குப் பிடிக்கலன்னா?"

"எனக்குப் பிடிக்க ரெண்டு வருசம் ஆச்சு. அது கெட்டிக்காரக் கொழந்தை. சீக்கிரம் பழகிக்கும்."

"வெளயாடாத."

"வெளயாடல மாமா. பகல்ல நான் ஏணி ஏறுவேன், கத்துவேன், சண்டை போடுவேன். அப்ப அது உங்ககூட இருக்கட்டும். பொழுதோட வீட்டுக்கு வந்ததும் நான் பட்டையக் கட்டிக்கறேன். ரெண்டு பேர் சத்தமும் தெரியட்டும் அதுக்கு. அழுதா ரெண்டு பேர்கிட்டயும் நிக்கோணுமில்ல? இல்லைனா எல்லா நேரமும் நானேதான் எந்திரிக்கோணும்."

அவன் கை தளர்ந்தது. அவள் ஸ்விட்சைத் தள்ளினாள்.

விளக்கு மினுங்கிவிட்டுப் பச்சையிலேயே நின்றது. மடிக்குள் அசைவே இல்லை. சிபி மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கப் பிடிக்க அவன் நெஞ்சு தடதடவென்று அடித்தது. அவளுக்கே கேட்கும் போலிருந்தது.

"என்ன பண்ணுது?" என்றாள்.

"ஒண்ணுமே பண்ணல."

"ரோசனை பண்ணுதாட்ட இருக்குது."

வெளியே இலை போடும் சத்தம் கேட்டது. யாரோ பாயசத்துக்குக் கரண்டி தேடினார்கள். அப்போது மடியின் தோல் ஒரு பக்கம் புடைத்தது. பிறகு ஒரு உதை, வளையல் குலுங்கும் அளவுக்கு. சிபி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சிந்து, என்னைத்தான்" என்றான்.

"ஆமா. உங்களைத்தான்."

அவன் தேம்பினான். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. உள்ளே அது விடாமல் உதைத்தது. "மெதுவா மாமா, தூக்கிப் போடுது பாருங்க அதுக்கு" என்று அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வார் சற்று நழுவியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை சிந்துஜா கைப்பட்டையைக் கழற்றி, வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கோபுரத்தில் கண்ணாடி வளையல் போடக்கூடாது என்பதால் தன்னுடையவற்றை மடியின் வாரில் கோத்து மாட்டிவிட்டாள். மாஸ்டர் எந்தப் பக்கம் வருகிறார் என்பது மைதானத்துப் பிள்ளைகளுக்கு இப்போது சத்தத்திலேயே தெரிந்துவிடும். விசில் இல்லாத குறை தீர்ந்தது.

அந்த லிஃப்ட் இன்னும் பழுதாகவே இருந்தது. ஏணியில் பாதி ஏறியதும் நடுத்தளத்தில் நின்று போன் போட்டாள்.

"என்ன பண்ணுது?"

"தூங்குது. நான் வேப்பமரத்தடியில உக்காந்திருக்கறேன். பசங்க ஓடறானுக."

"ஆடலையா?"

"இல்ல. நல்லாத் தூங்குது."

"சரி. தூங்கட்டும்."

போனைப் பையில் போட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. லேசாக வலித்தது, பல் விழுந்த இடத்தைப்போல. பிறகு ஏணியைப் பிடித்து, மிச்சத்தை வேகமாக ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. காற்று பலமாக இருந்தது. அந்தப் படபடப்பு அவளிடமிருந்து எங்கும் போகவில்லை. அவள் ஒருத்திதான் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.